எக்ஸெல் ஹேங் ஆனால் உடனே ஃபார்மேட் போடாதீர்கள்: முதலில் இதையெல்லாம் பாருங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். பட்டறைக்காரர்களுக்கு எவ்வளவு வெள்ளி கொடுத்தோம், எவ்வளவு கொலுசாகத் திரும்பி வந்தது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று எல்லாமே ஒரே எக்ஸெல் ஃபைலில் கிராம் கணக்கில் இருக்கிறது. தீபாவளி நெருக்கத்தில், ஒரு அக்டோபர் 10-ஆம் தேதி மாலை, அந்த ஃபைல் திறந்த கையோடு வெளுத்துப்போய் நின்றுவிட்டது. மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்தது. மூடித் திறந்தேன். மறுபடியும் அதே.

மறுநாள் 11, ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போடக் கடைசி நாள். பயத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு சர்வீஸ் கடைக்கு ஓடினேன். "வைரஸா இருக்குங்க, ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றார்கள். இரண்டு நாள் ஆனது, 800 ரூபாய் கொடுத்தேன். திரும்பி வந்த லேப்டாப்பில் அதே ஃபைலைத் திறந்தேன். அதே இடத்தில் நின்றது. கோளாறு லேப்டாப்பில் இல்லை, ஃபைலில் இருந்தது. ரிட்டர்ன் 14-ஆம் தேதிதான் போனது. எங்களிடம் சரக்கு எடுக்கும் வெளியூர்க் கடைக்காரர் ஒருவர், "உங்க பில் ஒண்ணுகூட எங்க 2பி-யில வரலீங்களே" என்று போன் செய்தார். 2பி என்பது வாங்குபவருக்கு ஜிஎஸ்டி தளம் காட்டும் வரி வரவுப் பட்டியல். அவருக்கு வர வேண்டிய வரி வரவு ஒரு மாதம் தள்ளிப்போனது. அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டதைச் செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன். செலவில்லாத வேலைகள் முதலில். விண்டோஸில் எக்ஸெல் 2016-க்குப் பிந்தைய பதிப்புகளை மனதில் வைத்து எழுதியது. உங்கள் பதிப்பில் ஓரிரு மெனுக்களின் பெயர் மாறியிருக்கலாம்.

1. நின்றுவிட்டதா, வேலை செய்துகொண்டிருக்கிறதா?

ஒரு ஜன்னல் 5 விநாடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் தானாகவே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிவிடும். பெரிய ஃபைலைக் கணக்கிடும்போதோ சேவ் செய்யும்போதோ எக்ஸெல்லுக்கு 5 விநாடி சாதாரணம். அதனால் அந்த வார்த்தையைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். மேலே மேலே கிளிக் செய்யவும் வேண்டாம்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் எக்ஸெல்லுக்கு நேரே சிபியு சதவீதம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். அசையாமல் சுழியத்தில் நின்றால், ஆல்ட், டேப் இரண்டையும் அழுத்தி, வேறு ஜன்னலுக்குப் பின்னால் ஏதாவது கேள்விப் பெட்டி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். 'சேவ் செய்யவா' என்று கேட்டுவிட்டு அது பின்னால் காத்துக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும். அதுவும் இல்லையென்றால் 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள்.

மறுபடி எக்ஸெல்லைத் திறந்தால் இடது பக்கம் 'டாக்குமெண்ட் ரெக்கவரி' என்று ஒரு பட்டியல் வரக்கூடும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அவசரத்தில் அதை மூடிவிட்டால் கடைசிச் சில நிமிட வேலை போய்விடும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் திறந்து, வேறு வேறு பெயரில் சேவ் செய்துவிட்டு, அப்புறம் மூடுங்கள்.

2. ஃபைலை இரண்டு நகல் எடுங்கள்

எக்ஸெல்லை முழுதாக மூடிவிட்டு, ஃபைலை காப்பி செய்து ஒன்றை பென்டிரைவிலும் ஒன்றை உங்கள் மெயிலிலோ ஆன்லைன் டிரைவிலோ போட்டுவிடுங்கள். இனி செய்யும் எதையும் மூன்றாவது நகலில் செய்யுங்கள். மூலத்தைத் தொடவே வேண்டாம். இரண்டு நிமிட வேலைதான். இதை விட்டுவிட்டு மற்றதைச் செய்தால், பிறகு எந்தக் கடையாலும் உதவ முடியாத நிலை வரலாம்.

ஃபைலை பென்டிரைவிலிருந்தோ ஆபீஸின் இன்னொரு கணினியிலிருந்தோ நேராகத் திறந்து வேலை செய்பவர்கள், அதை உங்கள் கணினிக்குள் காப்பி செய்து திறந்து பாருங்கள். சிலருக்குச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும்.

3. குற்றவாளி யார்: ஃபைலா, எக்ஸெல்லா, கணினியா?

அரை மணி நேரம் ஒதுக்கி இதைக் கண்டுபிடியுங்கள். நான் செய்யாமல் விட்டது இதைத்தான். செய்திருந்தால் 800 ரூபாயும் இரண்டு நாளும் மிஞ்சியிருக்கும்.

முதலில் வெற்று ஃபைல் ஒன்றைத் திறந்து ஏதாவது தட்டச்சு செய்து சேவ் செய்யுங்கள். அப்புறம் சின்னதாக வேறொரு பழைய ஃபைலைத் திறங்கள். இரண்டும் நன்றாக ஓடி, ஒரே ஒரு ஃபைல் மட்டும் நின்றால், அந்த ஃபைலில்தான் கோளாறு. உறுதி செய்ய, அதன் நகலைத் தெரிந்தவர் கணினியில் திறந்து பாருங்கள். அங்கேயும் நின்றால் சந்தேகமே வேண்டாம், 4-ஆம் படிக்குப் போங்கள்.

வெற்று ஃபைலே நின்றால் எக்ஸெல்லில் கோளாறு, 5-க்குப் போங்கள். எக்ஸெல் மட்டுமல்லாமல் பிரவுசர், டாலி (கணக்கு மென்பொருள்) எல்லாமே தேங்குகிறது என்றால் கணினியைப் பார்க்க வேண்டும், அது 7-இல்.

4. ஃபைலை இளைக்க வைப்பது

கணக்கு எழுதுபவர்கள் பலருக்கும் பிரச்சினை இங்கேதான் இருக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபைல் திறக்கவே மறுத்தால் ஒரு வழி உண்டு. முதலில் வெற்று ஃபைல் ஒன்றைத் திறந்து, ஃபார்முலாஸ் மெனுவில் 'கால்குலேஷன் ஆப்ஷன்ஸ்' என்பதை 'மேனுவல்' ஆக்குங்கள். ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ், ஃபார்முலாஸ் போய் 'சேவ் செய்யும் முன் மறுகணக்கிடு' என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் அதே ஜன்னலிலிருந்து ஃபைல், ஓப்பன் வழியாக உங்கள் ஃபைலைத் திறங்கள். கணக்குப் போடாமல் திறப்பதால் பெரும்பாலும் உள்ளே போய்விடலாம். வேலை முடிந்ததும் இரண்டையும் பழையபடி மாற்ற மறக்காதீர்கள். நான் மறந்தேன். அடுத்த நாள் ஒரு பட்டறைக்காரர் வந்து, "அக்கா, நேத்து வாங்கின ரெண்டு கிலோ என் பேர்ல ஏறவே இல்லியேங்க" என்றார். அவராகச் சொன்னதால் தப்பித்தோம். மேனுவலில் இருக்கும்போது எஃப்9 அழுத்தினால்தான் கூட்டல் புதுப்பிக்கப்படும். அதோடு, முதலில் திறந்த ஃபைல் மேனுவலில் இருந்தால் அடுத்தடுத்துத் திறக்கும் ஃபைல்களுக்கும் அதே நிலை தொற்றும்.

உள்ளே போனதும் ஒவ்வொரு ஷீட்டிலும் கண்ட்ரோல், எண்ட் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். எக்ஸெல் எதைக் கடைசி செல் என்று நினைக்கிறதோ அங்கே போய் நிற்கும். எங்கள் ஷீட்டில் கணக்கு இருந்தது 4,200 வரிசைதான். ஆனால் கர்சர் 10,48,576-ஆவது வரிசையில் போய் நின்றது. ஒரு ஷீட்டில் இருக்கக்கூடிய மொத்த வரிசையே அவ்வளவுதான். பக்கத்து ஸ்க்ரோல் பட்டையில் இழுக்கும் கட்டை ஜவ்வரிசி மணி அளவுக்குச் சுருங்கியிருந்தது. பல மாதங்களாகவே அது அப்படித்தான் இருந்திருக்கிறது, நான் கவனித்ததே இல்லை. அழகுக்காக யாரோ கலம் (மேலிருந்து கீழாகப் போகும் நெடுவரிசை) முழுவதையும் தேர்ந்தெடுத்து பார்டர் போட்டு, நிறமும் மாற்றி, ஓரிரு இடத்தில் ஃபார்முலாவைக் கடைசி வரை இழுத்தும் விட்டிருக்கிறார்கள். காலியாகத் தெரிகிற அத்தனை வரிசையையும் எக்ஸெல் சுமந்துகொண்டிருந்தது. ஃபைலின் எடை 58 எம்பி.

சரிசெய்யும் முறை: கணக்கு முடிகிற வரிசைக்கு அடுத்த வரிசையின் எண்ணைக் கிளிக் செய்து, கண்ட்ரோல், ஷிப்ட், கீழ் அம்பு மூன்றையும் அழுத்துங்கள். கீழே உள்ள எல்லா வரிசையும் தேர்வாகும். வலது கிளிக் செய்து வரும் மெனுவில் 'டிலீட்' கொடுங்கள். கீபோர்டில் உள்ள டிலீட் பட்டனை அழுத்தினால் போதாது. அது எழுத்தை மட்டும் அழிக்கும், பார்டரும் நிறமும் அப்படியே இருக்கும். கலங்களுக்கும் இதே முறைதான், வலது அம்போடு. சேவ் செய்து, மூடித் திறந்து, மறுபடி கண்ட்ரோல், எண்ட் அழுத்திப் பாருங்கள். எங்களுக்கு ஆறு ஷீட்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆனது. 58 எம்பி 2 எம்பிக்கும் கீழே வந்தது.

அப்படியும் இளைக்காத ஷீட் இருந்தால், புது ஃபைல் திறந்து கணக்கு உள்ள பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து அங்கே ஒட்டுங்கள். ஷீட்டை அப்படியே நகர்த்தினால் நோயும் கூடவே போகும்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத படங்கள். வெப் பக்கங்களிலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது சின்னச் சின்னப் பெட்டிகளும் படங்களும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். எஃப்5 அழுத்தி, 'ஸ்பெஷல்', 'ஆப்ஜெக்ட்ஸ்' கொடுத்தால் ஷீட்டில் உள்ள எல்லாம் தேர்வாகும். பிறகு டிலீட் பட்டன். லோகோவோ நீங்கள் வைத்த பட்டனோ இருந்தால் அதுவும் போய்விடும். அதைத் தனியாகக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். இனிமேல் எங்கிருந்து எடுத்தாலும் 'பேஸ்ட் ஸ்பெஷல்', 'வேல்யூஸ்' என்று மட்டும் ஒட்டுங்கள்.

'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்' போட்டிருப்பவர்கள் 'மேனேஜ் ரூல்ஸ்' திறந்து, முழு ஷீட்டுக்கும் என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள். நிலுவை தாண்டினால் சிவப்பு என்று நான் போட்டது ஒரே விதி. வரிசைகளை வெட்டி ஒட்டி வந்ததில் அது நூற்றுக்கணக்கில் துண்டாகிக் கிடந்தது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டேன்.

ஃபார்முலாக்களில் இரண்டு விஷயம் பாருங்கள். முழுக் கலத்தையும் தேடச் சொல்லும் விலுக்அப், சம்பிராடக்ட் போன்றவற்றில் எல்லையைக் குறுக்குங்கள். 4,200 வரிசை இருந்தால் 6,000 வரை கொடுத்தால் போதும். கண்ட்ரோல், டி அழுத்தி டேபிளாக மாற்றிக்கொண்டால் எல்லை தானாக வளரும். இரண்டாவது, ஆஃப்செட், இன்டைரக்ட், டுடே, நவ் போன்ற ஃபார்முலாக்கள் எந்த செல்லில் எதை மாற்றினாலும் தாமும் மறுபடி கணக்கிடும். வரிசைக்கு வரிசை டுடே போடாமல், மேலே ஒரே செல்லில் போட்டு மற்றவற்றை அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேறு ஃபைல்களோடு இணைப்பு இருந்தால் டேட்டா மெனுவில் 'எடிட் லிங்க்ஸ்' தெரியும். இப்போது இல்லாத ஃபைலைத் தேடித்தான் சில சமயம் திறக்கும்போதே நிற்கும். 'பிரேக் லிங்க்' கொடுத்தால் ஃபார்முலா போய் எண் மட்டும் தங்கும், திரும்ப வராது. நகலில்தான் செய்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

5. எக்ஸெல்லில் கோளாறு என்றால்

கண்ட்ரோல் பட்டனை அழுத்திப் பிடித்தபடி எக்ஸெல் ஐகானைத் திறங்கள். 'சேஃப் மோடில் திறக்கவா' என்று கேட்கும், 'யெஸ்' கொடுங்கள். அதில் நன்றாக ஓடினால் பெரும்பாலும் ஏதோ ஆட்-இன் (எக்ஸெல்லோடு ஒட்டிக்கொள்ளும் துணை மென்பொருள்) தான் காரணம். சாதாரணமாகத் திறந்து, ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போய், கீழே 'காம் ஆட்-இன்ஸ்' தேர்ந்தெடுத்து 'கோ' கொடுங்கள். எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் நிற்கிறதோ அதுதான். பிடிஎஃப் மென்பொருள்களும் கணக்கு மென்பொருள்களும் கேட்காமலே இங்கே வந்து சேர்ந்துகொள்வது உண்டு.

திரை மினுங்கி மறைந்தால், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, டிஸ்ப்ளே பகுதியில் 'ஹார்ட்வேர் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன்' நிறுத்தும் டிக் இருக்கிறதா பாருங்கள். புதிய பதிப்புகள் சிலவற்றில் இது கிடையாது.

இதெல்லாம் பலிக்கவில்லையென்றால் ரிப்பேர். கண்ட்ரோல் பேனலில் 'புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' திறந்து, ஆபீஸைத் தேர்ந்தெடுத்து 'சேஞ்ச்' கொடுங்கள். 'குயிக் ரிப்பேர்' சில நிமிடத்தில் முடியும், இன்டர்நெட் தேவையில்லை. அது போதாவிட்டால் 'ஆன்லைன் ரிப்பேர்'. இது ஆபீஸை முழுதாக மறுபடி இறக்கும், பல ஜிபி டேட்டா போகும். ஏற்காட்டில் எஸ்டேட் கணக்குப் பார்க்கும் என் சித்தப்பா மகன், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இதைத் தொடங்கி, பாதியில் சிக்னல் போய், ஆபீஸே திறக்காமல் மாட்டிக்கொண்டான். கடைசியில் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி எங்கள் வீட்டு பிராட்பேண்டில் முடித்துக்கொண்டு போனான். மலையில் இருப்பவர்கள் நிலையான நெட் கிடைக்கும் இடத்தில் மட்டும் இதைத் தொடங்குங்கள். முடிந்ததும் மைக்ரோசாஃப்ட் கணக்கின் மெயிலும் பாஸ்வேர்டும் கேட்கலாம், கையில் வைத்திருங்கள்.

6. பிரிண்டரை ஒருமுறை பாருங்கள்

பக்க அளவைத் தெரிந்துகொள்ள எக்ஸெல் டீஃபால்ட் பிரிண்டரைக் கேட்கும். அந்தப் பிரிண்டர் நெட்வொர்க்கில் இருந்து, அணைந்து கிடந்தால், பதிலுக்காக எக்ஸெல் காத்துக்கொண்டே நிற்கலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதை டீஃபால்ட் ஆக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். ஒரு நிமிடம்தான்.

7. கணினியில் கோளாறு என்றால்

டாஸ்க் மேனேஜரில் மெமரியும் டிஸ்க்கும் எவ்வளவு என்று பாருங்கள். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் பிரவுசரில் பத்து பக்கம், வாட்ஸ்அப், டாலி, எக்ஸெல் எல்லாம் சேர்ந்தால் தாங்காது. டிஸ்க் எப்போதும் நூறு சதவீதத்தில் நின்றால் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டி ஆக மாற்றுவதுதான் சரி. விலை அடிக்கடி மாறுவதால் லேப்டாப் மாடல் நம்பரைச் சொல்லி இரண்டு கடையிலாவது கேளுங்கள்.

ஃபைல், அக்கவுண்ட், 'அபவுட் எக்ஸெல்' திறந்தால் மேல் வரியில் 32-பிட்டா 64-பிட்டா என்று இருக்கும். பெரிய ஃபைல் வைத்திருப்பவர்களுக்கு 64-பிட்தான் நல்லது. 32-பிட் எக்ஸெல் கணினியில் எவ்வளவு ரேம் இருந்தாலும் ஓர் எல்லைக்கு மேல் எடுத்துக்கொள்ளாது.

டெஸ்க்டாப்பில் வேலை செய்பவர்களுக்கு யுபிஎஸ் கட்டாயம். சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் சிதைந்துவிடக்கூடும். கோடை மழையில் இடி இடிக்கும்போது ஏற்காட்டில் எத்தனை முறை கரண்ட் போகும் என்று அங்கே இருப்பவர்களுக்கே தெரியும். எஸ்டேட்டில் வாங்கியது 600 விஏ யுபிஎஸ், 3,200 ரூபாய் ஆனது. சேவ் செய்து அணைக்க அது போதும். பராமரிப்பு மின்தடை தேதிகளை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள், அன்றைக்குப் பெரிய வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

8. ஃபைல் திறக்கவே இல்லை, சிதைந்துவிட்டது என்கிறது

ஃபைல், ஓப்பன், பிரவுஸ் போய் ஃபைலை ஒருமுறை கிளிக் செய்து, 'ஓப்பன்' பட்டனின் ஓரத்தில் உள்ள சின்ன அம்பை அழுத்தினால் 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' இருக்கும். முதலில் 'ரிப்பேர்', முடியாவிட்டால் 'எக்ஸ்ட்ராக்ட் டேட்டா'. இரண்டாவதில் எண்கள் வரும், அழகெல்லாம் போகும்.

அதுவும் தோற்றால் லிப்ரே ஆபீஸ் போட்டு அதன் கால்க்கில் திறந்து பாருங்கள். இலவசம். எக்ஸெல் கைவிட்ட ஃபைலை அது திறந்துவிடுவது உண்டு. சேவ் செய்யாமல் மூடிவிட்ட ஃபைல் என்றால் ஃபைல், இன்ஃபோ, 'மேனேஜ் ஒர்க்புக்', 'ரெக்கவர் அன்சேவ்டு ஒர்க்புக்ஸ்'. ஒன்டிரைவில் வைத்திருந்தால் ஃபைல் மேல் வலது கிளிக் செய்து பழைய பதிப்பை எடுக்கலாம்.

9. கடைக்கே கொண்டுபோக வேண்டியிருந்தால்

எடுத்துப்போக வேண்டியவை: லேப்டாப் பில், சார்ஜர், ஆபீஸ் வாங்கிய பில் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கு விவரம், எப்போது எதைச் செய்யும்போது நிற்கிறது என்று எழுதிய ஒரு தாள், 3-ஆம் படியில் நீங்கள் கண்டது. கணக்கு ஃபைலைக் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் கணக்கு உங்களிடமே இருக்கட்டும்.

ஃபார்மேட் என்று சொன்னால், "வேறென்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள். அப்படியும் அதுதான் வழி என்றால், போகும் முன் இந்த மூன்றையும் எழுதிக்கொடுங்கள்.

ஒன்று, தமிழ் எழுத்துருக்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் பெயர்கள் இருந்தால், ஃபார்மேட்டுக்குப் பிறகு பட்டறைக்காரர் பெயரெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எனக்கு அப்படித்தான் ஆனது, தரவு அழிந்துவிட்டது என்று நடுங்கிவிட்டேன். எழுத்துருவைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும். அந்த எழுத்துரு ஃபைலை முன்பே காப்பி செய்து வையுங்கள்.

இரண்டு, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருந்தால் அதன் டிரைவர். மூன்று, ஆபீஸ். உங்களுக்கு உரிமம் உள்ளதையே போடச் சொல்லுங்கள். கிராக் செய்த ஆபீஸைப் போட்டுத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதோடு என்ன சேர்ந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது, கோளாறு வந்தால் கேட்க ஆளும் கிடையாது. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. ஓடும், ஆனால் திருத்தங்கள் வராது. காசு கொடுத்துப் புதுசு வாங்க முடியாதவர்களுக்கு லிப்ரே ஆபீஸே போதும் என்பது என் கருத்து.

10. எந்தத் தேதியில் செய்வது

மாதா மாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11 ஜிஎஸ்டிஆர்-1, 20 ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்). ஆகவே இந்த வேலைகளை 21-க்கும் மாதக் கடைசிக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். 9, 10 தேதிகளில் அப்டேட், ரிப்பேர் எதையும் தொடங்க வேண்டாம். அப்படியே மாட்டிக்கொண்டால், முதலில் வேறொரு கணினியில் நகலைத் திறந்து பில் விவரத்தை மட்டும் எடுத்து ரிட்டர்னைப் போட்டுவிடுங்கள். சரிசெய்வதை 12-ஆம் தேதி பார்க்கலாம்.

ஃபைல் இளைத்த பிறகு, ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் ஆட்டோ ரெக்கவர் 10 நிமிடம் என்று இருப்பதை 3 ஆக்குங்கள். ஏப்ரல் 1 அன்று புது ஃபைல் தொடங்கி, நிலுவையை மட்டும் கொண்டுவாருங்கள். நாங்கள் சனிக்கிழமை மாலை கடை சாத்தும் முன் ஒரு நகல் எடுத்து, பெயரில் தேதியைச் சேர்த்து பென்டிரைவில் போடுகிறோம். அந்தப் பென்டிரைவ் இப்போது வெள்ளிக் கட்டிகளோடு பெட்டகத்தில் இருக்கிறது.